உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி

வட ஜெர்மனியில், பால்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளே, டிராவெ ஆற்றின் கரையில் லூபெக் என்னும் பழம்பெரும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அதன் மேற்கு வாயிலின் நெற்றியில் பொன்னெழுத்துகளில் நான்கு இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. "உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி" என்பது அவற்றின் பொருள். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லாடிய நாட்களில் இத்தகைய சொற்றொடர்களைப் பொருள் கண்டு, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுவோம். அந்த வாயிலின் கீழ் நின்று அவற்றை வாசித்தபோதோ, அவை ஒரு வினாவாகவே என்னை எதிர்கொண்டன. ஒரு நகரம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட இந்த வாக்குறுதியை அது காப்பாற்றியதா?

கோடை விடுமுறைக் காலத்தில் வட ஜெர்மனியின் ஒரு பங்கில் பதிலிக் குருவாகப் பணியாற்றச் சென்றிருந்தேன். அங்குள்ள பங்குத்தந்தையர் விடுப்பில் செல்லும்போது நம் நாட்டுக் குருக்கள் சில வாரங்கள் அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திருப்பலி இல்லாத ஒரு பகற்பொழுது கிடைத்தது. கையில் ஒரு வரைபடம், தோளில் ஒரு பை, பையில் ரொட்டியும் தண்ணீரும். வழிகாட்டி எவரும் இல்லை. லூபெக்கின் பழைய நகரம் ஒரு தீவு. டிராவெ ஆறும் வாக்கனிட்ஸ் ஆறும் கால்வாயும் அதைச் சுற்றி வளைத்திருக்கின்றன. வடக்கு தெற்காக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர். வழி தவறினாலும் சற்று நேரத்தில் தண்ணீர்க் கரை வந்துவிடும். எனவே துணிந்து நடந்தேன். நான் நடந்த வழியிலேயே வாசகரையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

உப்பும் ஒருசந்தியும்

தொடர்வண்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஹோல்ஸ்டன் வாயில் தெரிகிறது. கூம்புக் கூரை வேய்ந்த இரண்டு தடித்த கோபுரங்கள் ஒன்றையொன்று சாய்ந்து பார்த்தபடி நிற்கின்றன. 1464-இல் தொடங்கி 1478-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடியிலிருந்த சதுப்பு நிலம் அவ்வளவு பாரத்தைத் தாங்க இயலாமல் அமிழ்ந்ததால் கோபுரங்கள் சாய்ந்தன. பழைய ஐம்பது மார்க் பணத்தாளில் இந்த வாயிலின் படமே இருந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாழடைந்த இந்தக் கட்டடத்தை இடித்துவிடலாமா என்று நகர மன்றம் வாதிட்டது. 1863-இல் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அது தப்பிப் பிழைத்தது. எழுதப்பட்டிருக்கும் ஒற்றுமையைக் காப்பதற்கே அவ்வளவு கருத்து வேற்றுமை!

வாயிலை அடுத்து, ஆற்றோரமாக ஆறு செங்கல் கட்டடங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. இவை 1579-க்கும் 1745-க்கும் இடையே எழுப்பப்பட்ட உப்புக் கிடங்குகள். லூபெக்கின் செல்வத்தைப் புரிந்துகொள்ள இங்கே சற்று நிற்க வேண்டும். தெற்கே லூனபுர்க் என்னும் ஊரில் நிலத்தடி உப்பு நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். 1398-இல் திறக்கப்பட்ட ஒரு கால்வாய் வழியாக அந்த உப்பு படகுகளில் லூபெக்கை அடைந்தது. இங்கிருந்து கப்பலேறி, இன்று ஸ்வீடன் நாட்டுக்கு உரியதாக இருக்கும் ஸ்கோன் கடற்கரைக்குச் சென்றது. அங்கே ஆண்டுதோறும் ஹெர்ரிங் என்னும் சிறு மீன் திரள் திரளாக வந்து வலையில் விழுந்தது. உப்பில்லையேல் அந்த மீன் ஓரிரு நாட்களில் அழுகிப்போகும். உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் ஐரோப்பாவின் எந்த மூலைக்கும் செல்லும்.

அந்த மீனை வாங்கியவர் யார்? நம் மூதாதையரைப் போன்ற எளிய கத்தோலிக்க மக்களே. தவக்காலம் முழுவதும், வெள்ளிக்கிழமைதோறும், பெருவிழாக்களின் முன்னாட்களிலும் இறைச்சி விலக்கிய அந்த நாட்களில், கடலே காணாத ஊர்களின் ஏழைகளுக்கும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனே கைகொடுத்தது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஆன்மாவின் நலனுக்காக ஏற்பட்டவை. அவற்றின் இலாபமோ இந்தக் கிடங்குகளில் வந்து குவிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மக்களின் பக்தி எங்கெல்லாம் பாய்கிறதோ அங்கெல்லாம் வாணிகமும் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. வேளாங்கண்ணியின் கடைவீதியை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

வணிகர் கட்டிய வானளாவிய ஆலயம்

பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைந்ததும் புனித பேதுரு ஆலயத்தின் கோபுரம். மின்தூக்கியில் ஏறி ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் நகரம் உள்ளங்கை போல விரிகிறது. ஐந்து பெரிய ஆலயங்கள், ஏழு கோபுரங்கள். மரியா ஆலயத்துக்கும் பேராலயத்துக்கும் இரண்டிரண்டு. பேதுரு, யாக்கோபு, எகிதியுஸ் ஆலயங்களுக்கு ஒவ்வொன்று. கீழே சிவந்த ஓட்டுக் கூரைகள். பாறை கிடைக்காத நாடாகையால் களிமண்ணைச் சுட்டே இந்த உயரத்தை எட்டியிருக்கிறார்கள்.

1143-இல் ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடோல்ஃப் இந்நகரை நிறுவினார். 1157-இல் அது தீயில் அழிந்தது. ஈராண்டுகளில் சிங்கம் என்று பெயர் பெற்ற கோமகன் ஹென்றி அதை மீண்டும் எழுப்பினார். 1226-இல் பேரரசர் இரண்டாம் பிரடெரிக், எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்படாத பேரரசுச் சுதந்திர நகரம் என்னும் உரிமையை வழங்கினார். 1937-இல் ஹிட்லரின் அரசு பறிக்கும்வரை, ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் லூபெக் தன் சுயாட்சியைக் காத்தது. ஹன்சா என்னும் வணிக நகரங்களின் கூட்டமைப்பு 1356-இல் முதல் பொதுப் பேரவையைக் கூட்டியது இங்கேதான். இலண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கொரோட் ஆகிய நான்கு தொலைநகரங்களில் அதற்குப் பண்டகசாலைகள் இருந்தன. 1669-இல் அதன் இறுதிப் பேரவை கூடியதும் இதே லூபெக்கில்தான். வாயிலில் எழுதப்பட்ட ஒற்றுமையின் முதற்பொருள் இந்த வணிகர் ஒற்றுமையே. இலாபம் இருந்தவரை அது நிலைத்தது.

கீழே இறங்கிச் சந்தைச் சதுக்கத்தைக் கடந்தால் நகர மன்றக் கட்டடம். அதன் பழைய வழக்கு மண்டபத்தின் கதவு பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒரே கதவில் உயரமான வாசல் ஒன்று, தாழ்ந்த வாசல் ஒன்று. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர் உயர்ந்த வாசல் வழியே தலைநிமிர்ந்து சென்றாராம். தண்டிக்கப்பட்டவர் தாழ்ந்த வாசலில் தலைகுனிந்து சென்றாராம். இந்தக் கதவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நடையின் முடிவில் இது மீண்டும் தேவைப்படும்.

மன்றத்தின் பின்னே மரியா ஆலயம். பேராலயம் ஆயருக்கு உரியது. இதுவோ நகர மன்றத்தின், வணிகர்களின் ஆலயம். ஆயரின் ஆலயத்தைவிட எங்கள் ஆலயம் உயர்ந்து நிற்க வேண்டும் என்ற போட்டி மனப்பான்மை இதன் அடித்தளத்திலேயே கலந்திருக்கிறது. ஏறத்தாழ 1250 முதல் 1350 வரை ஒரு நூற்றாண்டுக் கால உழைப்பு. நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரம். செங்கல்லால் ஆன வளைகூரைகளுள் உலகிலேயே மிக உயரமானது. உள்ளே நுழைந்தவுடன் என்னையறியாமல் தலை மேலே நிமிர்ந்தது. போட்டியால் எழுந்த கட்டடம் என்றாலும், கண்ணை மேலே உயர்த்தும் வேலையை அது செய்துகொண்டேதான் இருக்கிறது. மனிதரின் கலப்பட நோக்கங்களையும் இறைவன் பயன்படுத்திக்கொள்வது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

இந்த ஆலயத்தில் 1668 முதல் 1707 வரை இசைப்பணி ஆற்றியவர் பக்ஸ்டஹூட. அவருடைய ஆர்கன் இசையைக் கேட்கவே 1705-இல் இருபது வயது இளைஞர் ஒருவர் ஆர்ன்ஸ்டாட் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் நடந்து வந்தார். நான்கு வார விடுப்பில் வந்தவர் மூன்று மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டார். திரும்பியபோது மேலிடத்தார் கடிந்துகொண்டனர். அந்த இளைஞரே யோவான் செபஸ்தியான் பாக். அன்றைய அவருடைய நடையோடு ஒப்பிட்டால் என் ஒரு பகல் நடை எம்மாத்திரம்!

விழுந்த மணிகள்

தெற்குக் கோபுரத்தின் அடியில் ஒரு சிற்றாலயம். இரும்புக் கம்பி வேலிக்கு அப்பால், உடைந்த கல்தரையில் இரண்டு பெரிய மணிகள் நொறுங்கிக் கிடக்கின்றன. 1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறு பிறக்கும் வேளையில், 234 பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கைத் தாக்கின. பழைய நகரம் மரத்தாலும் ஓட்டாலும் ஆனது. எளிதில் தீப்பற்றும் என்பதே அது தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணங்களுள் ஒன்று. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மரியா ஆலயம், பேராலயம், பேதுரு ஆலயம் மூன்றும் எரிந்தன. எரிகின்ற கோபுரத்தில் மணிகள் காற்றில் ஆடித் தாமே ஒலித்தன என்றும், பின்னர் அறுந்து விழுந்தன என்றும் சொல்வார்கள். விழுந்த இடத்திலேயே அவற்றை விட்டுவிட்டார்கள். அருகில் கோவென்ட்ரி நகரப் பேராலயத்தின் ஆணிச் சிலுவை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அழித்த ஆங்கில ஆலயம் அது. அதன் இடிபாட்டில் கிடைத்த ஆணிகளைச் சிலுவையாக்கி ஒப்புரவின் அடையாளமாக அனுப்பும் வழக்கம் அங்கு உண்டு. முதலில் தாக்கியவர் யார் என்பதை இந்தச் சிலுவை மறைக்கவில்லை. அடிபட்ட இருவரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்துகிறது.

அந்த இரவில் 1463-இல் பெர்ன்ட் நோட்கெ வரைந்ததைப் பின்பற்றிய 'சாவின் நடனம்' என்னும் புகழ்பெற்ற ஓவியமும் எரிந்தது. திருத்தந்தை, பேரரசர் தொடங்கித் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரை அனைவரையும் சாவு கைபிடித்து ஆடவைக்கும் காட்சி அது. கொள்ளைநோயைக் கண்ட தலைமுறைகளின் தியானம். இப்போது அவ்விடத்தில் அதே பொருளில் அமைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உள்ளன.

தீயின் வெப்பத்தில் சுவரின் வெள்ளைப் பூச்சு உதிர்ந்து, அடியிலிருந்த நடுக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. 1948-இல் சீரமைப்பு தொடங்கியது. 1951-இல் ஆலயத்தின் 700-ஆம் ஆண்டு விழாவில் அந்த ஓவியங்களைக் கண்டு உலகம் வியந்தது, அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். மறு ஆண்டு லோட்டார் மால்ஸ்காட் என்னும் ஓவியர் தாமாகவே முன்வந்து, மேலிருந்த உருவங்கள் தம் கைவேலை என்று அறிவித்தார். முதலில் எவரும் நம்பவில்லை. நிபுணர்கள் ஏற்க மறுத்தனர். 1955-இல் அவர் சிறைத்தண்டனை பெற்றார், பொய்யோவியங்கள் அகற்றப்பட்டன. தீ உண்மையை வெளிப்படுத்தியது. அதன் மேல் மனிதர் அழகான பொய்யைத் தீட்டினர். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பல உள்ளங்களிலும் இதுவே நிகழ்ந்தது என்று எண்ணுகிறேன்.

கடலுக்குச் சென்றோர், கரையில் காத்திருந்தோர்

மரியா ஆலயத்தின் எதிரே மெங்க் தெருவில் வெண்ணிற முகப்புடைய வீடு ஒன்று உண்டு. தாமஸ் மன் 1901-இல் வெளியிட்ட 'புடன்புரோக்ஸ்' நாவல் இந்த வீட்டை மையமாகக் கொண்டது. ஒரு வணிகக் குடும்பம் நான்கு தலைமுறைகளில் தேய்ந்து மறைவதே அதன் கதை. அந்நூலே 1929-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. வீடு 1942-இல் எரிந்தது. முகப்பு மட்டும் எஞ்சியது.

வடக்கே சில நிமிட நடையில் புனித யாக்கோபு ஆலயம். இது மாலுமிகளின் ஆலயம். இதன் ஒரு மூலையில் உடைந்த உயிர்காப்புப் படகு ஒன்றைக் கண்டேன். 1957 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி மூழ்கிய 'பாமிர்' என்னும் பாய்மரப் பயிற்சிக் கப்பலின் படகு அது. 86 பேரில் 80 பேர் மாண்டனர். பலரும் கப்பற்கலை கற்கச் சென்ற இளைஞர்கள். கடலோரப் பங்குகளில் பணியாற்றிய எவருக்கும் அந்தப் படகின் முன் அதிக விளக்கம் தேவைப்படாது. புயலுக்குப் பின் கரையில் நிற்கும் பெண்களின் முகங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றே.

எதிரே தூய ஆவி மருத்துவமனை. 1286-இல் வணிகர்களின் நன்கொடையால் நோயாளர்க்கும் முதியோர்க்கும் எழுப்பப்பட்டது. முகப்பில் ஆலயம், அதன் பின்னே நீண்ட கூடம். முதியோர் படுத்த இடத்திலிருந்தே ஆலயத்தை அடைவது எளிது. 1820-இல் அக்கூடத்தினுள் மரத்தால் சிற்றறைகள் தடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு சதுர மீட்டர். 1970 வரை அவற்றில் முதியோர் வாழ்ந்தனர். ஒரு கட்டில், ஒரு சிறு மேசை, கதவில் ஓர் எண். அங்கே நான் அதிக நேரம் நின்றேன். மரியா ஆலயத்தின் வளைகூரையைவிட இந்தச் சிற்றறைகளே அந்த வணிகர்களுக்காக இறுதிநாளில் கூடுதலாகச் சான்று பகரும் என்று தோன்றியது.

அங்கிருந்து கிழக்கே இறங்கும் தெருக்களில், வீடுகளுக்கு நடுவே குனிந்து நுழையும் அளவுக்கே உயரமுள்ள நடைவழிகள் உண்டு. உள்ளே சென்றால் பின்முற்றங்களில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள். ஏழைத் தொழிலாளர் குடியிருந்தவை. 1639-இல் ஒரு வணிகரின் அறக்கொடையால் எழுந்த ஃபியுக்டிங் முற்றம், மாலுமிகளும் வணிகர்களும் விட்டுச் சென்ற கைம்பெண்களுக்கு உறைவிடமாயிற்று. யாக்கோபு ஆலயத்துப் படகையும் இந்த முற்றத்தையும் ஒருசேர நினைத்தால்தான் ஒரு துறைமுக நகரத்தின் கணக்குப் புத்தகம் முழுமையடையும்.

யார் உள்ளே, யார் வெளியே?

நகரின் வட எல்லையில் தொமினிக்கன் துறவிகளின் பழைய மடம் நிற்கிறது. 1227-இல் புனித மகதலா மரியாவின் திருநாளன்று டேனியரை வென்றதற்கு நன்றியாக எழுந்தது. 2015 முதல் ஹன்சா அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. இடைக்காலத்தில் அதற்கு வேறொரு வாழ்வும் இருந்தது. மடம் நீதிமன்றமும் சிறையும் ஆயிற்று. துறவிகள் செபித்த இடத்தில், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தோர் அடைக்கப்பட்டனர்.

அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்பி நடந்தேன். புனித அன்னம்மாள் தெருவில் ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1880-இல் கட்டப்பட்டது. 1938 நவம்பரில் அதன் உட்புறம் சூறையாடப்பட்டது. 1941 டிசம்பரில் நகரில் எஞ்சியிருந்த யூதர்களுள் பெரும்பாலோர் ரீகா நகருக்கு வண்டியேற்றப்பட்டனர். திரும்பியவர் மிகச் சிலரே. ஐந்து ஆலயங்களின் ஏழு கோபுரங்களும் அன்று நிமிர்ந்தே நின்றன. மணிகளும் முழுதாகவே இருந்தன. அவை விழுந்தது அதன்பின் நான்கு மாதங்கள் கழித்து. "உள்ளே ஒற்றுமை" என்பதில் 'உள்ளே' என்னும் சொல்லுக்கு யார் யார் உரியவர் என்ற வினாவை இந்தத் தெருவில் நின்றபோது தவிர்க்க முடியவில்லை.

நகரின் தென்முனையில் பேராலயம். 1173-இல் கோமகன் ஹென்றி அடிக்கல் நாட்டியது. உள்ளே நோட்கெ 1477-இல் செதுக்கிய பதினேழு மீட்டர் உயரச் சிலுவை. குண்டுவீச்சில் கூரை எரிந்தும் அது தப்பியது. 1531-இல் லூபெக் லூத்தரின் சீர்திருத்தத்தைத் தழுவியது. அதற்குப் பின் இந்நகரில் கத்தோலிக்கர் சிறு மந்தையாகவே வாழ்ந்தனர். பேராலயத்திலிருந்து கூப்பிடு தொலைவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் எழுப்பிய திரு இருதய ஆலயம் நிற்கிறது. ஏழு கோபுரங்களின் கணக்கில் அது சேராது. சுற்றுலா வரைபடத்தில் சிறு புள்ளி. என் நடை அங்கேதான் முடிந்தது.

நால்வர்

அவ்வாலயத்தில் 1940-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மூன்று இளங்குருக்கள் பணியாற்றினர். யோகான்னஸ் பிராசெக், எடுவர்ட் முல்லர் இருவரும் 1911-இல் பிறந்தவர்கள். ஹெர்மன் லாங்க 1912-இல் பிறந்தவர். முல்லர் குருவாகும் முன் தச்சுத் தொழில் கற்றவர். பிராசெக், கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட போலந்துத் தொழிலாளர்களுக்குப் பணியாற்றுவதற்காக அவர்களுடைய மொழியைக் கற்றார். அரசு அதைத் தடை செய்திருந்தது. 1941 கோடையில் மியூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் அகுஸ்த் வான் காலன் மூன்று மறையுரைகளை ஆற்றினார். மனநோயாளிகளை அரசு கொன்றுவருவதை ஆகஸ்ட் 3 அன்று பீடத்திலிருந்து வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த மறையுரைகளைப் படியெடுத்து இக்குருக்கள் நம்பிக்கைக்குரியவர்களிடம் கொடுத்தனர். இளைஞர் குழுக்களில் உண்மையைப் பேசினர்.

நான்காமவர் கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க். 1894-இல் பிறந்த லூத்தரன் போதகர். இவருடைய பாதை நேரானதன்று. தொடக்கத்தில் தேசிய வெறிக்கு ஆட்பட்டு ஹிட்லரின் கட்சியிலேயே உறுப்பினராயிருந்தவர். பின்னர் கண் திறந்தது. கட்சி அவரை வெளியேற்றியது. 1941-இல் பிராசெக்கும் இவரும் அறிமுகமாயினர். காலனின் மறையுரைப் படிகள் சபையெல்லையைக் கடந்து கைமாறின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், கத்தோலிக்கக் குருவும் சீர்திருத்தச் சபைப் போதகரும் பொதுவாகச் சேர்ந்து நிற்காத ஒரு நகரில் இது நடந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

குண்டுவீச்சு நடந்த இரவு விடிந்த குருத்தோலை ஞாயிறன்று ஸ்டெல்பிரிங்க் தம் ஆலயத்தில் பேசுகையில், இந்த அழிவில் இறைவன் உரத்த குரலில் பேசுகிறார் என்னும் பொருளில் உரைத்தார். சில நாட்களில் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதங்களில் மூன்று குருக்களும் கைதாயினர். கூடவே பதினெட்டுப் பொதுநிலையினரும். குமாஸ்தாக்கள், தொழிலாளர்கள், இளைஞர்கள். அவர்களுள் அடோல்ஃப் ஏர்ட்மன் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடினார். மறைசாட்சிகளைப் பற்றிப் பேசும்போது குருக்களின் பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் பழக்கம். தட்டச்சு செய்த விரல்களும், மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுசென்ற கைகளும் பெரும்பாலும் பொதுநிலையினருடையவை.

1943 ஜூனில் ஹிட்லரின் 'மக்கள் நீதிமன்றம்' பெர்லினிலிருந்து லூபெக்குக்கே வந்து வழக்கை நடத்தியது. நால்வருக்கும் மரண தண்டனை. ஆயர் பெர்னிங் கருணை வேண்டி எழுதியும் பயனில்லை. நவம்பர் 10 மாலை, ஹாம்புர்க் சிறையில், சில நிமிட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக நால்வரும் தலைவெட்டும் இயந்திரத்தில் கொல்லப்பட்டனர். நால்வரின் இரத்தமும் ஒன்றாய்க் கலந்தது என்று லூபெக் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஸ்டெல்பிரிங்கின் மனைவிக்கு வழக்குச் செலவுக்கான கட்டணச் சீட்டு அனுப்பப்பட்டது.

பின்னர் நடந்ததும் சொல்லப்பட வேண்டும். கத்தோலிக்கர் தம் மூவரையும் தொடக்கத்திலிருந்தே மறைசாட்சிகளாகப் போற்றினர். ஸ்டெல்பிரிங்கை அவருடைய சபையே பணிநீக்கம் செய்திருந்தது. நீண்ட காலம் அவர் பெயரைச் சொல்லத் தயங்கியது. அவர்மீதான தீர்ப்பு 1993-இல்தான் சட்டப்படி நீக்கப்பட்டது. அச்சபை தன் தாமதத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2011 ஜூன் 25 அன்று, திரு இருதய ஆலயத்தின் முன்னே, மூன்று குருக்களும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். போதகர் ஸ்டெல்பிரிங்கும் அதே விழாவில் மதிப்போடு நினைவுகூரப்பட்டார். லூபெக்கில் 'அருளாளர் மூவர்' என்று பிரித்துச் சொல்வதைவிட 'மறைசாட்சியர் நால்வர்' என்றே சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆலயத்தின் நிலவறைக்குள் இறங்கினேன். எளிய இடம். நால்வரின் பெயர்களும் ஒன்றாக இருக்கின்றன. எவரும் இல்லை. முழந்தாளிட்டேன், ஆனால் செபம் எளிதில் வரவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்ற வயதில் இறந்தவர்கள் இக்குருக்கள் மூவரும். அதைவிட அதிக ஆண்டுகள் நான் பீடத்தருகே நின்றுவிட்டேன். எத்தனை ஞாயிறுகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், எவரும் முகம் சுளிக்காத மறையுரையைத் தேர்ந்தெடுத்தேன்? ஊரில் இரண்டு பிரிவினர் ஒரே கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியபோது, பங்கின் அமைதி குலையக்கூடாது என்ற பெயரில் எத்தனை முறை வாய்மூடி இருந்திருக்கிறேன்? அமைதி என்று நான் பெயரிட்டதில் எவ்வளவு அச்சம் கலந்திருந்தது? மால்ஸ்காட் தீட்டிய ஓவியங்கள் நினைவுக்கு வந்தன.

மாலையில் மீண்டும் ஹோல்ஸ்டன் வாயிலைக் கடந்தேன். வழக்கு மண்டபத்தின் கதவு நினைவுக்கு வந்தது. 1943-இல் நீதிமன்றம் நால்வரையும் தாழ்ந்த வாசலுக்கே அனுப்பியது. இன்று எந்த வாசலில் யார் தலைநிமிர்ந்து செல்கிறார்கள் என்பதில் லூபெக் நகரில் எவருக்கும் ஐயமில்லை. வெளிப்புறம் வந்து திரும்பிப் பார்த்தபோது, சாயும் வெயிலில் பொன்னெழுத்துகள் மின்னின. வணிகர்கள் அந்த ஒற்றுமையை இலாபத்தின்மேல் கட்டினார்கள், அது கரைந்தது. ஆட்சியாளர் அதை அச்சத்தின்மேல் கட்டினர்; அது தீயில் முடிந்தது. நான்கு நூற்றாண்டுகள் பிரிந்திருந்த இரு சபைகளின் நான்கு ஊழியர்கள், உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற ஒன்றில் இணைந்தனர். வாயிலில் எழுதியதை அந்நகரில் நிறைவேற்றியவர்கள் அவர்களே என்று நான் நம்புகிறேன்.

ஊர் திரும்பிய பின் வந்த முதல் ஞாயிறன்று, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி மறையுரையில் பேசினேன். சிலர் நடுவிலேயே எழுந்து சென்றார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. அடுத்த ஞாயிறும் பேசுவேன்.